ரெய்ஸுக்கு எதிரே டிரா வைத்து ஆடுவது: நோ-லிமிட் போக்கருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ரம்மி ஆடிப் பழகிவிட்டுப் போக்கர் பக்கம் வருகிறவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டே வரும். ஒரு சீட்டுதானே குறைகிறது, எப்படியும் வந்துவிடும் என்று உட்கார்ந்திருப்பார்கள். ரம்மியில் அது பெரிய தப்பில்லை. உங்கள் முறை வரும்போதெல்லாம் ஒரு சீட்டு சும்மா கிடைக்கிறது, ஸ்கூட் விடாமல், அதாவது ஆட்டத்தை விட்டு விலகாமல் உட்கார்ந்ததற்கான கணக்கு ஆட்டம் முடியும்போதுதான் வரும். போக்கரில் அடுத்த சீட்டைப் பார்க்கவே காசு கட்ட வேண்டும். லிமிட் ஆட்டமாக இருந்தால் பெட் அளவு முன்கூட்டியே நிர்ணயித்திருப்பார்கள், அதனால் நல்ல டிராவுக்கு, அதாவது ஒரு சீட்டு வந்தால் முடிந்துவிடும் கைக்கு, விலை பெரும்பாலும் கட்டுப்படியாகிவிடும். நோ-லிமிட்டில் விலையைச் சொல்வதே எதிராளிதான். நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்தால், பாட்டைவிட, அதாவது அதுவரை மேசை நடுவில் சேர்ந்திருக்கும் பணத்தைவிடப் பெரிய தொகையைத் தள்ளி விரட்டிவிடலாம்.

அதனால் டிரா வைத்திருக்கும்போது எதிரே ரெய்ஸ் வந்தால் "சீட்டு வருமா வராதா" என்று யோசிப்பதில் பாதி பதில்கூடக் கிடைக்காது. என்ன விலை கேட்கிறார், வந்தால் அதற்கு மேல் எவ்வளவு கிடைக்கும், வராமலே ஜெயிக்க வழி இருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எந்தக் கை எதை வெல்லும், ஃப்ளாப், டர்ன், ரிவர் எந்த வரிசையில் திறக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கால் என்றால் எதிராளி வைத்த தொகையைக் கட்டித் தொடர்வது, ரெய்ஸ் என்றால் அதை ஏற்றுவது, செக் என்றால் காசு போடாமல் முறையைக் கடத்துவது, ஃபோல்ட் என்றால் கையை விட்டுவிடுவது, ஆல்-இன் என்றால் இருக்கும் சிப் முழுவதையும் தள்ளுவது.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விஷயம். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை இந்தியாவில் நடத்துவதைத் தடை செய்துவிட்டது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேதமெல்லாம் அதில் கிடையாது. ஆகவே இந்தியாவில் இருப்பவர்கள் இதை வெறும் சிப் வைத்து ஆடிப் பழகுங்கள், கணக்கு ஒன்றும் மாறாது. உதாரணங்களுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது லாஸ் வேகாஸ் பாணி 1-2 டாலர் மேசை. சீட்டுப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போட வேண்டிய பிளைண்டில் சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2, எல்லாரிடமும் ஆரம்பத்தில் 200 டாலர். கேசினோ ஒவ்வொரு பாட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் பங்கை, கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நிஜ மேசையில் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாப்புக்கு முன்னால் வரும் ரெய்ஸ்

டிராவில் போகிற காசு பெரும்பாலும் ஃப்ளாப்புக்கு முன்னாலேயே போக ஆரம்பித்துவிடுகிறது, ஆனால் யாரும் அதை அங்கே எண்ணுவதில்லை. ஒருவர் 8 டாலருக்கு ரெய்ஸ் செய்கிறார், உங்கள் கையில் ஹார்ட் 8, ஹார்ட் 7. பார்க்க அழகான கை. ஆனால் ஒரே சூட்டில் இரண்டு சீட்டு வைத்திருந்தால், ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் முடிவது நூறில் ஒரு தடவைகூட இல்லை. ஃப்ளஷ் டிரா, அதாவது நான்கு ஹார்ட் சேர்ந்து நிற்பதே சுமார் 11 சதவீதம்தான். மீதி நேரங்களில் பெரும்பாலும் ஒரு சின்ன ஜோடியோ, ஒன்றுமே இல்லாமலோ உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்படியென்றால் எப்போது கால் செய்யலாம்? நீங்கள் பட்டனில், அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள், ஏற்கெனவே ஒருவரோ இருவரோ கால் செய்திருக்கிறார்கள், ரெய்ஸ் செய்தவரிடமும் உங்களிடமும் நிறைய சிப் இருக்கிறது என்றால் செய்யலாம். இரண்டு பேர் ஏற்கெனவே கால் செய்திருந்தால் பாட்டில் 27 டாலர் கிடக்கும், நீங்கள் போட வேண்டியது 8. அது நல்ல பேரம். அதே கையோடு சின்ன பிளைண்டில் உட்கார்ந்துகொண்டு, ரெய்ஸ் செய்தவரோடு தனியாக மோத 7 டாலர் கூடுதலாகப் போடுவது பேரமே இல்லை. ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டியிருக்கும், அவர் செக் செய்து உங்களுக்கு இலவசச் சீட்டு தருவாரா என்பது அவர் கையில். ஃபோல்ட் செய்துவிடுங்கள், வருத்தமே வேண்டாம்.

5-5 மாதிரி சின்ன ஜோடி வைத்துக்கொண்டு செட் பிடிக்கக் காத்திருப்பதும் ஒருவகை டிராதான். ஃப்ளாப்பில் மூன்றாவது 5 விழுவது சுமார் 12 சதவீதம், அதாவது எட்டரை தடவைக்கு ஒரு தடவை. பலரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, கால் செய்யும் தொகையைப் போல 15 மடங்காவது எதிராளியிடம் இருக்க வேண்டும் என்பது. 8 டாலருக்கு 120. ஏன் எட்டரை போதாது என்றால், செட் விழும் ஒவ்வொரு தடவையும் அவர் தன் சிப் முழுவதையும் கொண்டுவந்து கொட்டப்போவதில்லை.

நீங்கள் 8-7 வைத்து 8 டாலருக்கு ரெய்ஸ் செய்து, இன்னொருவர் அதைத் திருப்பி 26 ஆக்கினால்? கால் செய்த பிறகு பாட்டில் 55, உங்களிடம் மீதி 174. பாட்டைப் போல மூன்று மடங்கு சொச்சம்தான் பின்னால் இருக்கிறது. பாட்டோடு ஒப்பிட்டால், டிராவுக்குக் கூலி கொடுக்கப்போகிற பணம் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. கடைசி இடத்தில் இருந்து, அவர் ஆடும் விதமும் நன்றாகத் தெரிந்திருந்தால் ஒழிய, இங்கேயே விட்டுவிடுவதுதான் என் பழக்கம்.

அவுட்டும் விலையும்

ஃப்ளாப் விழுந்தாயிற்று, டிரா கிடைத்துவிட்டது. இப்போது உங்கள் கையை முடித்துத் தரக்கூடிய சீட்டுகளை எண்ணுங்கள். இவைதான் அவுட். ஃப்ளஷ் டிராவுக்கு 9, ஏனென்றால் ஒரு சூட்டில் 13, அதில் 4 உங்கள் கண்முன் இருக்கின்றன. இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட் டிராவுக்கு 8. நடுவில் ஒரு சீட்டு மட்டும் குறைகிற கட்ஷாட்டுக்கு 4. ஃப்ளஷும் திறந்த ஸ்ட்ரெய்ட்டும் சேர்ந்தே நின்றால் 15.

மேசையில் மனக்கணக்காகப் போட வழி இருக்கிறது. ஒரு சீட்டு வர வேண்டியிருந்தால் அவுட்டை 2-ஆல் பெருக்குங்கள், இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் 4-ஆல். ஃப்ளஷ் டிராவுக்கு முதலாவது 18 என்று வரும், உண்மையில் 19. இரண்டாவது 36 என்று வரும், உண்மையில் 35. போதுமான அளவு சரி. 15 அவுட்டுக்கு மட்டும் 60 என்று காட்டி ஏமாற்றும், உண்மை 54.

இந்த 4-ஆல் பெருக்கும் கணக்கில்தான் புதியவர்கள் அதிகமாகக் கோட்டை விடுகிறார்கள். 35 சதவீதம் என்பது டர்ன், ரிவர் இரண்டையும் இப்போது கட்டும் ஒரே விலைக்குப் பார்த்துவிட முடியும் என்றால் மட்டுமே உண்மை, அதாவது யாராவது ஆல்-இன் போயிருக்க வேண்டும். அவரிடம் இன்னும் சிப் இருந்தால் டர்னில் மறுபடி பெட் வரும், மறுபடி கட்ட வேண்டும். அப்போது இன்றைய காசுக்கு ஒரு சீட்டுதான், 19 சதவீதம்தான்.

அப்புறம் விலை. கால் செய்ய வேண்டிய தொகையை, கால் செய்த பிறகு பாட்டில் இருக்கப்போகும் மொத்தத்தால் வகுத்தால் உங்களுக்குத் தேவையான சதவீதம் கிடைக்கும். அவர் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட் வைத்தால் 20 சதவீதம் தேவை, பாதி வைத்தால் 25, மூன்றில் இரண்டு வைத்தால் கிட்டத்தட்ட 29, பாட் முழுவதும் வைத்தால் 33.

இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃப்ளஷ் டிராவுக்கு ஒரு சீட்டில் 19, ஸ்ட்ரெய்ட் டிராவுக்கு 17, கட்ஷாட்டுக்கு எட்டரை. மேலே சொன்ன பெட்டுகளில் மிகச் சின்னதற்கே 20 வேண்டும். அதாவது, கொஞ்சம் விவரம் தெரிந்தவர் வைக்கும் பெரும்பாலான பெட்டுக்கு, சாதாரண டிராவுக்கு நேரடியாக விலை ஒத்துவராது. ஆகவே கால் செய்கிறீர்கள் என்றால் அதற்கான காரணம் பாட்டுக்கு வெளியே எங்கேயாவது இருந்தாக வேண்டும். பின்னால் அவரிடமிருந்து வரப்போகிற பணம், நீங்கள் எண்ணாமல் விட்ட அவுட், அல்லது அவரை ஃபோல்ட் செய்யவைக்கும் வாய்ப்பு. இந்த மூன்றில் ஒன்றுகூட உங்களுக்குத் தென்படவில்லை என்றால் சீட்டைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

ஒரு கையை முழுதாகப் பார்ப்போம்

பட்டனில் நீங்கள், கையில் ஹார்ட் ஏஸ், ஹார்ட் 5. நடு இடத்தில் இருப்பவர் 8 டாலருக்கு ரெய்ஸ் செய்கிறார், நீங்களும் பெரிய பிளைண்டும் கால். சின்ன பிளைண்டின் 1 டாலரையும் சேர்த்து பாட் 25. ஃப்ளாப்பில் ஹார்ட் கிங், ஹார்ட் 9, கிளாவர் 4. பெரிய பிளைண்ட் செக், ரெய்ஸ் செய்தவர் 15 வைக்கிறார்.

பாட்டில் இப்போது 40, நீங்கள் கட்ட வேண்டியது 15. 15-ஐ 55-ஆல் வகுத்தால் 27 சதவீதம் தேவை, உங்களிடம் இருப்பது 19. நேரடி விலை கிடைக்கவில்லை. சரி, எவ்வளவு குறைகிறது? தெரியாத சீட்டு 47, அதில் 9 உங்களுடையது, 38 இல்லை. ஒரு தடவை வர, நான்கு தடவைக்குச் சற்று அதிகமாக வராது. 15 டாலரை அந்த விகிதத்தில் பெருக்கினால் 63. பாட்டில் 40 இருக்கிறது. மீதி 23 டாலரை, ஃப்ளஷ் விழுந்த பிறகு சராசரியாக அவரிடமிருந்து வாங்க முடிந்தால் கைநட்டமில்லை. இதைத்தான் இம்ப்ளைட் ஆட்ஸ் என்கிறார்கள். அவர் பின்னால் 177 வைத்திருக்கிறார், கிங் ஜோடியோ அதைவிட நல்லதோ இருந்தால் இன்னொரு 23 கண்டிப்பாக வரும். உங்கள் ஃப்ளஷ் ஏஸ் ஃப்ளஷ் என்பதால் பெரிய ஃப்ளஷிடம் தோற்கும் பயமும் இல்லை. கால் செய்யுங்கள்.

பெரிய பிளைண்ட் ஃபோல்ட். டர்னில் ஸ்பேட் 7. ஒன்றும் உதவவில்லை. பாட் 55, அவர் இப்போது 40 வைக்கிறார். இங்கேதான் பலர் "ஃப்ளாப்பில் கட்டினோமே, இன்னும் ஒன்றுதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவார்கள். கணக்கைப் புதிதாகப் போடுங்கள், ஃப்ளாப்பில் கட்டியது போய்விட்டது, அது உங்கள் காசு இல்லை. தெரியாத சீட்டு 46, அதில் 9 போக 37. 40-ஐ அந்த விகிதத்தில் பெருக்கினால் 164. பாட்டில் இருப்பது 95. அப்படியானால் ரிவரில் ஹார்ட் விழும் ஒவ்வொரு தடவையும் சராசரியாக 70 டாலர் இன்னும் வாங்க வேண்டும், அவரிடம் மீதி இருக்கப்போவது 137. மூன்றாவது ஹார்ட் திறந்தவுடன் யாருக்கும் கண் அங்கேதான் போகும், 70 டாலர் பெட்டுக்கு ஒவ்வொரு தடவையும் கால் செய்துகொண்டிருக்க மாட்டார்.

ஆனால் ஏஸை இன்னும் எண்ணவில்லை. அவரிடம் கிங்-குயின் அல்லது கிங்-ஜாக்கி இருந்தால் மீதி மூன்று ஏஸும் உங்களுக்கு ஜெயிக்கிற சீட்டு. 12 அவுட் ஆகிவிட்டால் கணக்கே மாறிவிடும், ரிவரில் 18 டாலர் கிடைத்தாலே போதும். அவரிடம் ஏஸ்-கிங் இருந்தால் அந்த ஏஸ் உங்களை இன்னும் பெரிய நஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆக, முடிவு உங்கள் சீட்டில் இல்லை, அவர் எப்படிப்பட்டவர் என்பதில் இருக்கிறது. ஏஸ்-கிங், ஏஸ்-ஏஸ், செட் இருந்தால் மட்டுமே இரண்டு தடவை தொடர்ந்து பெரிதாக வைக்கிற ஆளா, ஃபோல்ட். எந்தக் கிங்குக்கும் வைத்துக்கொண்டே போகிற ஆளா, கால்.

நீங்கள் பெட் வைத்து, அவர் ரெய்ஸ் செய்தால்

இதுதான் நிஜமாகவே கடினமான இடம். டிரா கிடைத்ததும் நீங்களே பெட் வைக்கிறீர்கள், நல்ல யோசனைதான், அவர் ஃபோல்ட் செய்யலாம். ஆனால் அவர் ரெய்ஸ் செய்துவிட்டார். ஃப்ளாப்பில் வரும் ரெய்ஸ் சின்ன மேசைகளில் பெரும்பாலும் நிஜக் கைதான், வேடிக்கைக்கு யாரும் செய்வதில்லை.

உங்கள் கையில் ஸ்பேட் குயின், ஸ்பேட் ஜாக்கி. 8 டாலர் ரெய்ஸ், பெரிய பிளைண்ட் மட்டும் கால், பாட் 17. ஃப்ளாப்பில் ஸ்பேட் 10, டைமண்ட் 9, கிளாவர் 3. கிங்கோ 8-ஓ வந்தால் ஸ்ட்ரெய்ட். 10 டாலர் வைக்கிறீர்கள். இதற்கு அவர் என்ன அளவு ரெய்ஸ் செய்கிறார் என்பதைப் பொறுத்து மூன்று வேறு பதில்கள் இருக்கின்றன.

அவர் 20 ஆக்கினால், நீங்கள் போட வேண்டியது இன்னும் 10, பாட்டில் 47. தேவை பதினேழரை சதவீதம், கையில் இருப்பது 17. சின்ன ரெய்ஸ் செய்கிறவர்கள் டிராவுக்குத் தாங்களே வழிவிட்டு நிற்கிறார்கள். யோசிக்காமல் கால்.

அவர் 35 ஆக்கினால், போட வேண்டியது 25, பாட்டில் 62. மேலே போட்ட அதே கணக்கு: 8 வர, 39 வராது, 25-ஐ அந்த விகிதத்தில் பெருக்கினால் 122. பாட்டில் 62 இருக்க, பின்னால் 60 டாலர் வாங்க வேண்டும். இருவரிடமும் மீதி 157. முன் கையில் 70 கஷ்டம் என்றேன், இங்கே 60 அவ்வளவு கஷ்டமில்லை, ஏனென்றால் டர்னில் ஒரு கிங் விழுந்தால் அது உங்களுக்கு ஸ்ட்ரெய்ட் தந்தது அவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஃப்ளஷ் வந்தால் போர்டே, அதாவது நடுவில் திறந்திருக்கும் சீட்டுகளே, காட்டிக்கொடுத்துவிடும், ஸ்ட்ரெய்ட் அப்படி ஒளிந்துகொண்டு வரும். அதோடு ஃப்ளாப்பிலேயே ரெய்ஸ் செய்யும் அளவுக்குக் கை வைத்திருப்பவர், இரண்டு ஜோடியோ செட்டோ, பின்னால் கால் செய்யாமல் இருக்கமாட்டார். கடைசியாகப் பேசும் இடத்தில் நீங்கள் இருப்பதால் கால் செய்யலாம். அதே கை, அதே 35, ஆனால் நீங்கள் முதலில் பேசும் இடத்தில் என்றால் நான் விட்டுவிடுவேன். கிங் விழுந்த பிறகு நீங்கள் செக் செய்தால் அவரும் செக் செய்துவிடக்கூடும், நீங்கள் பெட் வைத்தால் உஷாராகிவிடக்கூடும், இரண்டிலும் 60 டாலர் வந்து சேர்வது சந்தேகம்.

அவர் நேராக ஆல்-இன் போனால், 182 கட்டி 219-ஐப் பிடிக்க வேண்டும். தேவை 45 சதவீதம், இரண்டு சீட்டும் சேர்த்தே உங்களுக்கு 31 சொச்சம். ஃபோல்ட். இதே இடத்தில் ஃப்ளாப்பில் இரண்டு ஸ்பேட் இருந்து, ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டும் சேர்ந்த 15 அவுட் டிரா உங்களிடம் இருந்தால், 54 சதவீதம், கால்தான். பயமாக இருக்கும், ஆனால் கணக்கு உங்கள் பக்கம்.

ஒரு எச்சரிக்கை. ரெய்ஸ் செய்தவரிடம் செட் இருந்தால் உங்கள் அவுட் எல்லாம் சுத்தமான அவுட் இல்லை. முன் கையில் கிங், 9, 4 விழுந்ததே, அவரிடம் 9-9 இருந்தால் ஹார்ட் 4 உங்களுக்கு ஃப்ளஷ் தரும், அவருக்கு ஃபுல் ஹவுஸ் தரும். 9 அவுட்டில் ஒன்று போயிற்று. டர்னிலேயே உங்கள் கை முடிந்தாலும் அவருக்கு ரிவரில் வழி இருக்கிறது. இந்தக் குயின்-ஜாக்கி கையில் கிங் விழுந்து ஸ்ட்ரெய்ட் முடிந்த பிறகும், 10-10 வைத்திருப்பவருக்கு மிச்சமுள்ள 44 சீட்டில் 10 சீட்டு உங்களைத் தோற்கடிக்கும், கிட்டத்தட்ட 23 சதவீதம். அதனால் ரெய்ஸுக்கு எதிரே டிராவை எண்ணும்போது ஒன்றிரண்டு அவுட்டைக் குறைத்தே எண்ணுவது நல்லது. மேலும், ஸ்ட்ரெய்ட் முடிந்ததும் மெதுவாக ஆடி அவரை மாட்டவைக்கலாம் என்று நினைக்காதீர்கள், உடனே பெட் வையுங்கள். அவருடைய 10 சீட்டுக்கு அவர் விலை கட்டட்டும்.

இன்னொரு சூழ்நிலையையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பெட், இன்னொருவர் ரெய்ஸ், நடுவில் நீங்கள், பெட் வைத்தவர் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் கால் செய்த பிறகு அவர் மறுபடி ரெய்ஸ் செய்தால் கட்டிய காசு போய்விடும், அடுத்த சீட்டையே பார்த்திருக்க மாட்டீர்கள். நடுவில் மாட்டியிருக்கும்போது சாதாரண டிராவை விடுங்கள்.

திருப்பி ரெய்ஸ் செய்வது

சீட்டு வராமலே ஜெயிக்கும் வழி இது. செமி-பிளஃப் என்பார்கள்: இப்போது உங்கள் கை பின்தங்கியிருக்கிறது, ஆனால் அவர் ஃபோல்ட் செய்தால் அங்கேயே பாட் உங்களுடையது, கால் செய்தாலும் அவுட் இருக்கிறது.

அதே ஹார்ட் ஏஸ்-5, அதே ஃப்ளாப், ஆனால் இருவரும் 100 டாலரோடுதான் ஆரம்பித்தீர்கள், பெரிய பிளைண்டும் ஒதுங்கிவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். பாட் 25, அவர் 15 வைத்தார், உங்களிடம் 92. மொத்தத்தையும் தள்ளுகிறீர்கள். அவர் ஃபோல்ட் செய்தால் 40 டாலர் கிடைக்கும். கால் செய்தால் பாட் 209, உங்கள் பங்கு தோராயமாக 35 சதவீதம், அதாவது 73 டாலர் மதிப்பு, போட்டது 92. கால் செய்யும் ஒவ்வொரு தடவையும் சராசரியாக 19 நஷ்டம். 40 லாபத்தையும் 19 நஷ்டத்தையும் எதிரெதிரே வைத்தால், மூன்றில் ஒரு தடவை அவர் ஃபோல்ட் செய்தாலே கணக்கு சரியாகிவிடுகிறது. 9-க்குக் கீழே ஜோடி வைத்து பெட் வைத்தவர், ஏஸ்-குயின் வைத்துச் சும்மா வைத்தவர், இவர்களெல்லாம் ஃபோல்ட் செய்வார்கள். மூன்றில் ஒன்று பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

இதன் பிரபலமான உதாரணம் 2003-இல் லாஸ் வேகாஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் இறுதியாட்டத்தில் இருக்கிறது. டென்னசியிலிருந்து வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் கையில் கிங்-7. டர்னில் மூன்றாவது ஸ்பேட் விழுந்ததும் ஃப்ளஷ் டிராவும் ஸ்ட்ரெய்ட் டிராவும் சேர்ந்தே கிடைத்தன. எதிராளி சாமி ஃபர்ஹா பெட் வைக்க, மணிமேக்கர் ரெய்ஸ் செய்தார். ரிவரில் உதவாத ஒரு 3 விழுந்தது. அப்போதும் மொத்தத்தையும் தள்ளினார். ஃபர்ஹாவிடம் 9 ஜோடி இருந்தது, அந்தப் போர்டில் அதுதான் மேல் ஜோடி, நெடுநேரம் யோசித்துவிட்டு ஃபோல்ட் செய்தார். பட்டம் மணிமேக்கருக்குப் போனது. இதைப் பார்த்துவிட்டு எல்லாப் பாட்டிலும் ஆல்-இன் தள்ளக் கிளம்பிவிட வேண்டாம். ஃபர்ஹா ஃபோல்ட் செய்யத் தெரிந்த ஆட்டக்காரர் என்பதால்தான் அது பலித்தது. உங்கள் மேசையில் எந்த ஜோடிக்கும் கால் செய்கிற அண்ணன் ஒருவர் இருப்பார், அவரிடம் செமி-பிளஃப் செய்வது வீண். அவரிடம் டிராவை மலிவாகப் பாருங்கள், வந்த பிறகு பெரிதாக வையுங்கள், அவர்தான் கட்டுவார்.

சிப் அளவையும் பாருங்கள். நீங்கள் ரெய்ஸ் செய்து, அவர் அதற்கு மேல் ஆல்-இன் போய், அதற்குப் பிறகு டிராவை விட்டுவிட வேண்டிய நிலை வந்தால் அதைவிட மோசமான முடிவு இல்லை. இவ்வளவு போட்டுவிட்டு ரிவரைக்கூடப் பார்க்காமல் போவீர்கள். ஆகவே, அவர் திருப்பித் தள்ளினால் என்ன செய்வேன் என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும் ரெய்ஸ் செய்யுங்கள்.

வந்தும் தோற்கிற டிரா

சில டிராக்கள் வராமல் போவதே நல்லது. கையில் 6-5, ஃப்ளாப்பில் கிங், 8, 7. எட்டு அவுட் என்று எண்ணத் தோன்றும். 4 வந்தால் உங்களுடையதுதான் மிகப் பெரிய கை. 9 வந்தால்? உங்களுக்கு 5 முதல் 9 வரை ஸ்ட்ரெய்ட், ஆனால் 10-6 வைத்திருப்பவருக்கும் ஜாக்கி-10 வைத்திருப்பவருக்கும் அதைவிடப் பெரியது. நீங்கள் பெட் வைத்து, அவர் பெரிய ரெய்ஸ் செய்யும்போது, உங்கள் கீழ்ப்பக்க ஸ்ட்ரெய்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. இப்படிப்பட்ட டிராவை எட்டு என்று எண்ணாமல் நாலரை, ஐந்து என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஹார்ட் 5-4 வைத்து ஃப்ளஷுக்குக் காத்திருப்பதும் இதே ரகம். இருவர் மட்டும் இருக்கும் பாட்டில் பரவாயில்லை. நான்கு பேர் ஃப்ளாப்பைப் பார்த்திருக்க, ஒருவர் பெட், இன்னொருவர் ரெய்ஸ் என்றால், அதில் ஒருவரிடம் உங்களைவிடப் பெரிய ஹார்ட் டிரா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் அவுட்டும் குறைகிறது, வந்தாலும் மொத்தமும் போகிறது. போர்டில் ஏற்கெனவே ஜோடி விழுந்திருந்தாலும் இதே ஜாக்கிரதை வேண்டும், ஃபுல் ஹவுஸ் முன்னாலேயே முடிந்திருக்கலாம்.

எதிராளியிடம் மீதிச் சிப்பே இல்லாதபோதும் டிராவின் மதிப்பு விழுந்துவிடும். அவர் ஃப்ளாப்பில் 30 டாலரோடு ஆல்-இன், பாட்டில் அதற்கு முன் 25 என்றால், பின்னால் வாங்க ஒரு காசும் கிடையாது. 30-ஐ 85-ஆல் வகுத்தால் 35, ஃப்ளஷ் டிராவுக்கு சரிக்குச் சரி. ஸ்ட்ரெய்ட் டிராவுக்கு நஷ்டம். இங்கே யோசிப்பதற்கு வேறொன்றும் இல்லை.

பழகுவதற்கு

மேசையில் உட்கார்ந்துகொண்டு பெருக்கிக் கூட்ட நேரம் கிடைக்காது என்று பலர் சொல்வார்கள். கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே கை பழகியிருக்க வேண்டும். வீட்டில் ஒரு சீட்டுக்கட்டு எடுங்கள். ஹார்ட் ஏஸ்-5-ஐயும் மேலே சொன்ன ஃப்ளாப்பையும் தனியாக வைத்துவிட்டு, மீதியைக் கலைத்து டர்ன், ரிவர் மட்டும் திறந்து திறந்து பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஃப்ளஷ் வந்ததா இல்லையா என்று ஒரு காகிதத்தில் கோடு போடுங்கள். டர்னுக்கு ஒரு வரிசை, இரண்டும் சேர்த்து ஒரு வரிசை. வரும் வரும் என்று நினைக்கிற சீட்டு எத்தனை தடவை வராமல் போகிறது என்பது அங்கே உடம்பில் ஏறும்.

அப்புறம் அதே காகிதத்தில், நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்து அவர் இஷ்டத்துக்கு ஒரு பெட் தொகை சொல்லச் சொல்லுங்கள். பாட் 30, நான் 20 வைக்கிறேன், என்னிடம் இன்னும் 90 இருக்கிறது என்கிறார். 20-ஐ 70-ஆல் வகுத்தால் 29. ஃப்ளஷ் டிராவுக்கு 20-ஐ நாலேகாலால் பெருக்கினால் 85, பாட்டில் இருக்கும் 50 போக இன்னும் 35 வாங்க வேண்டும், அவரிடம் 90 இருக்கிறது, கால். பெட் 40 என்று மாற்றுகிறார், மீதி 70. பெருக்கினால் 170, பாட்டில் 70, இன்னும் 100 வேண்டும், அவரிடமே 70-தான், ஃபோல்ட். பத்து, பதினைந்து கணக்கு இப்படிப் போட்டுவிட்டால் மேசையில் எதிராளி சிப்பை எண்ணிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பதில் தயாராகிவிடும்.